ஒன்றுக்குப் பன்னிரண்டு

சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது:
ஓரடி உயரத்துக்குப்
பன்னிரண்டடி நீளம்.
கொத்தனார் சவரிமுத்து
இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிச் சிரித்தார்.
"மலையில சரிவுக்கா டீச்சர் பஞ்சம்?"

ஆனாலும் கட்டினார்.
பள்ளி வாசலின் மூன்று படிக்குப் பதினெட்டடி.
பூம்பாறையில் அவ்வளவு நிதானமாய் ஏறும் தரை
அது ஒன்றுதான்.
கைப்பிடிக்கு நீலப் பெயிண்ட் காய்வதற்குள்
ஒன்றியத்திலிருந்து வந்து
படம் எடுத்துப் போனார்கள்.

சக்கர நாற்காலி வரவில்லை.
வந்தது விகாஷினி.
ஒன்பது வயது,
ஓட்டத்தில் ஆட்டுக்குட்டி,
காதுதான் கேட்காது.
சரிவில் பூண்டு காய்ந்தது.

"சும்மா உக்காந்திருக்கட்டும்" என்றார் அவள் அப்பா வேலப்பன்,
"ரோட்டுல ஜீப்பு ஆரன் அடிச்சா
இவளுக்குத் தெரியாது பாருங்க."
நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.
கடைசி பெஞ்சு, சன்னலோரம்,
ஒரு டப்பா கலர் பென்சில்.
அதற்குப் பெயர் சேர்க்கை என்று
பதிவேட்டில் எழுதினேன்.

பதினான்கு வருடமாய்த்
தலை நிமிராமல் வருகை எடுத்தவள் நான்.
பெயர், உள்ளேன் டீச்சர், டிக்.
பெயர், உள்ளேன் டீச்சர், டிக்.
இவள் பெயர் வரும்போது மட்டும்
நிமிர வேண்டியிருந்தது.
நிமிர்ந்தால்,
மோனிஷ் ஸ்வெட்டருக்குள்
செய்தித்தாள் மடித்து வைத்திருக்கிறான்.
பவதாரணி ஒரு கண்ணைச் சுருக்கித்தான்
கரும்பலகையைப் பார்க்கிறாள்.
ஒரே வாய்
இரண்டு பேருக்கு உள்ளேன் சொல்கிறது.

வியாழக்கிழமைகளில்
கொடைக்கானலிலிருந்து சிறப்பாசிரியை செல்வரீட்டா.
பதினொரு மணி பஸ்ஸில் வந்து
இரண்டரை பஸ்ஸில் போவார்.
நடுவில் வகுப்பு முழுக்கக் கைகள்.
முதல் வாரம் தண்ணீர், அம்மா, மழை.
அடுத்த வாரம் ஆளுக்கொரு கைப்பெயர்.
எனக்கு:
மூக்கில் நழுவும் கண்ணாடியை
மேலே தள்ளும் ஒற்றை விரல்.

மூன்றாம் மாதம்
என் பாடவேளையிலேயே
எனக்குப் புரியாமல் பேசிக்கொண்டார்கள்.
துளிச் சத்தமில்லை.
எதைச் சொல்லி அதட்டுவது?

மூடுபனி இறங்கினால் மட்டும்
அவளுக்கு நாங்கள் எல்லோரும் ஊமை.
அன்றைக்கு மோனிஷ்
அவள் உள்ளங்கையில் எழுதுவான்,
ஆறாம் வாய்ப்பாட்டையும்
சத்துணவில் முட்டை உண்டு என்பதையும்.

அரையாண்டில்
மனப்பாடப் பாடல் ஒப்பிக்க ஐந்து மதிப்பெண்.
எட்டு வரியையும் கையால் ஒப்பித்தாள்.
ஏழாவதில் தடுமாறியபோது
பின்னாலிருந்து ஒரு கை எடுத்துக் கொடுத்தது.
பார்த்துவிட்டேன்.
நான்கு என்று பென்சிலால் போட்டேன்.
அதன்மேல் இன்னும்
பேனா ஓடவில்லை.

கீழ்த்தெரு இருளப்பன் மகன் தருண்
நடக்கமாட்டான்.
சரிவு கட்டியது அவனை நினைத்துத்தான்.
சரிவின் அடிவாரத்துக்கு வந்து சேர
நூற்று நாற்பத்து மூன்று படிக்கட்டு.
"அவன் ஏன் டீச்சர் வரல?"
பதில் சொல்லத் தெரியாமல்
கணக்குப் பாடமாக்கினேன்.
படிக்கு அரையடி. ஒன்றுக்குப் பன்னிரண்டு.
எண்ணூற்று ஐம்பத்தெட்டு அடி என்று
முதலில் விரல் காட்டியவள் விகாஷினி.

சனிக்கிழமை
பூண்டு மூட்டைக் கயிறுகளை முடிச்சுப் போட்டு
இழுத்துக்கொண்டு இறங்கினார்கள்.
கோயில் பின்சுவர்,
வேலப்பன் தோட்டத்து வரப்பு,
பஸ் திரும்பும் மண்திட்டு.
நான் மூச்சு வாங்கிப் பின்னால்.
கயிறு தீர்ந்த இடம் யாரோ ஒருவரின் பீன்ஸ் கொடி.
அங்கிருந்து தருணின் வாசல் தெரிந்தது.
சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான்.

விகாஷினி கையை உயர்த்தி என்னவோ சொன்னாள்.
ஒருநாளும் பள்ளிக்கு வராதவன்
அங்கிருந்தே கையை உயர்த்தி
என்னவோ சொன்னான்.
எப்போது கற்றுக்கொடுத்தார்கள்?

மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது.
"என்னடா சொன்னான்?" என்றேன்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவன் பேச்சின் நடுவில்
கண்ணாடியை மேலே தள்ளும் அந்த விரல் மட்டும்
எனக்குப் புரிந்தது.